வீட்டிலேயே பிரஷர் பார்ப்பது எப்படி: கருவி வாங்குவதிலிருந்து டாக்டரிடம் நோட்டைக் காட்டுவது வரை

சில வருடங்களுக்கு முன் அம்மாவை இருமலுக்காக ஒரு கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். கிளினிக் முதல் மாடியில். படியேறி, டோக்கன் வாங்கி, உட்கார இடம் கிடைக்காமல் சுவரில் சாய்ந்து நின்றவரை உள்ளே கூப்பிட்டார்கள். உட்கார்ந்த உடனேயே நர்ஸ் புடவைத் தலைப்புக்கு மேலேயே பட்டையைச் சுற்றி, "ராத்திரி தூங்குறீங்களாம்மா?" என்று கேட்டுக்கொண்டே காற்றடித்தார். அம்மாவும் விடாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். 166/94 என்று வந்தது. அவர் ஏற்கெனவே சாப்பிட்டுவந்த பிரஷர் மாத்திரையின் அளவு அன்றே இரண்டு மடங்கானது. நான்காம் நாள் காலை குளித்துவிட்டு எழுந்தவருக்குத் தலை சுற்றியது. கதவைப் பிடித்துக்கொண்டதால் விழவில்லை.

பிறகு பார்த்த டாக்டர் கேட்டது ஒன்றுதான்: "ஒரு வாரம் வீட்டில் அளந்து எழுதிக்கொண்டு வாருங்கள், மாத்திரையைப் பற்றி அப்புறம் பேசலாம்." அந்த ஒரு வாரத்துக் கணக்கை வைத்து மாத்திரை பழைய அளவுக்கே திரும்பியது. அதிலிருந்து எங்கள் வீட்டில் பிரஷர் நோட்டு ஒன்று இருக்கிறது. அவசரத்தில் எடுத்த ஒற்றை எண்ணை நம்பி மாத்திரையைக் கூட்டவும் கூடாது, "எனக்கு ஒன்றுமில்லை" என்று நிம்மதியாகப் போய்விடவும் கூடாது. சரியாக உட்கார்ந்து, சரியாக அளந்து, சில நாள் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம்.

இரண்டு எண்கள் சொல்வது என்ன

120/80 என்றால், இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது குழாய்ச் சுவரில் விழும் அழுத்தம் 120. இரண்டு துடிப்புகளுக்கு நடுவே இதயம் ஓய்ந்திருக்கும்போது இருப்பது 80. மேல் அளவு, கீழ் அளவு என்று நாம் சொல்வது இவற்றைத்தான். அலகு மில்லிமீட்டர் பாதரசம். 1896-ல் இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி கையில் சுற்றும் பட்டையையும் பாதரசக் குழாயையும் இணைத்து அளக்கத் தொடங்கினார். 1905-ல் ரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்கும் முறையைச் சொன்னார். பாதரசம் நச்சு என்பதால் அந்தக் கருவிகள் இப்போது மருத்துவமனைகளிலிருந்து விலகிக்கொண்டிருக்கின்றன. அலகு மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

மேல் அளவு மட்டும் ஏறியிருந்தாலும் அது உயர் ரத்த அழுத்தம்தான். ஐம்பது, அறுபதைத் தாண்டியவர்களுக்குக் குழாய்கள் விறைத்துப்போவதால் 158/76 போன்ற எண்கள் சாதாரணமாக வரும். கீழ் எண் நன்றாக இருக்கிறதே என்று அதை விட்டுவிடக் கூடாது.

யார், எப்போது பார்க்க வேண்டும்

தலைவலி வந்தால் பிரஷர் பார்க்கும் பழக்கம் நம்மிடம் அதிகம். தலைவலி இல்லை, தலைசுற்றல் இல்லை, ஆகவே பிரஷரும் இல்லை என்ற நம்பிக்கை அதைவிட அதிகம். உண்மையில் பெரும்பாலானவர்களுக்கு உயர் அழுத்தம் எந்த அறிகுறியும் காட்டாது. பக்கவாதம் வந்து மருத்துவமனையில் சேர்த்த அன்றுதான் முதன்முதலாகப் பட்டை சுற்றப்பட்ட மனிதர்களை நான் பார்த்திருக்கிறேன். அதை நினைத்தால் இன்றும் மனது கனக்கிறது. அளந்து பார்க்க ஐந்து நிமிடம் போதுமே.

18 வயது முடிந்த எல்லோரும் ஒருமுறையாவது அளந்து தங்கள் எண்ணைத் தெரிந்துகொள்ள வேண்டும். 40 வயதைத் தாண்டியவர்கள், எடை கூடியவர்கள், சர்க்கரை உள்ளவர்கள், அப்பா அம்மாவுக்குப் பிரஷர் இருந்தவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும். இளைஞர்கள், எல்லாம் இயல்பாக இருந்தால், சில வருடங்களுக்கு ஒருமுறை பார்த்தாலே போதும். ஆனால் பிறந்தநாள் வாரம் என்று வைத்துக்கொண்டு ஆண்டுதோறும் பார்த்துவிட்டால் மறக்காது. 120-க்கும் 139-க்கும் நடுவில் இருப்பவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது நல்லது.

கருவி வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. இந்திய அரசின் தொற்றாநோய்த் திட்டத்தில் 30 வயதைக் கடந்தவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகப் பார்க்கிறார்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக வீட்டுக்கே வந்து பார்த்து, மாத்திரையும் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். ஊரில் தனியாக இருக்கும் பெற்றோரின் பெயர் அந்தப் பதிவில் இருக்கிறதா என்று ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

கருவி வாங்கும்போது

மேல்கையில் சுற்றும் டிஜிட்டல் கருவி வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவது சுலபம்தான், ஆனால் கை வைக்கும் உயரம் கொஞ்சம் மாறினாலும் எண் மாறிவிடும். விரலில் மாட்டுவது வேண்டவே வேண்டாம். போன் கேமராவில் விரலை வைத்தால் பிரஷர் சொல்லும் செயலிகளை நம்பி எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

பெட்டியில் 'கிளினிக்கலி வேலிடேட்டட்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். அந்த மாடலை மருத்துவமனை முறையோடு ஒப்பிட்டுச் சோதித்திருக்கிறார்கள் என்பது அதன் பொருள். புளூடூத், பேசும் குரல், வண்ணத் திரை எல்லாம் அதற்குப் பிறகுதான். பழைய அளவுகளை நினைவில் வைத்துக்கொள்ளும் வசதி இருந்தால் பயன்படும்.

இதையெல்லாம்விட முக்கியமானது பட்டையின் அளவு. கடையில் யாரும் கேட்கமாட்டார்கள், நாமும் பார்க்கமாட்டோம். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் தையல் டேப்பால் கையைச் சுற்றி அளந்துகொண்டு போங்கள். பல கருவிகளோடு வரும் பட்டை 22 முதல் 32 செ.மீ. வரைக்கும்தான் பொருந்தும். கை 35 செ.மீ. இருப்பவர் அதை இழுத்துச் சுற்றினால், இல்லாத பிரஷரைக் கருவி காட்டும். பெரிய பட்டை தனியாகக் கிடைக்கும், ஆனால் அதே கம்பெனியின் அதே மாடலுக்கு உரியதாக இருக்க வேண்டும். ஒல்லியான பாட்டிகளுக்கு இதன் எதிர்ப்பக்கம்: பட்டை பெரிதானால் எண் குறைத்துக் காட்டும்.

வாங்கியதும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும், கருவியை டாக்டரிடம் எடுத்துப்போய் அவர் கருவியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அளக்கும் முறை, படிப்படியாக

முதல் படி, நேரம். காலையில் எழுந்து, சிறுநீர் கழித்துவிட்டு, காபிக்கும் மாத்திரைக்கும் முன்னால் அளக்க வேண்டும். இந்த வரிசைதான் பல வீடுகளில் தகராறு, ஏனென்றால் எழுந்ததும் கை காபி டம்ளரைத்தான் தேடும். காபி, டீ, சிகரெட், புகையிலை, நடைப்பயிற்சி எதுவானாலும் அளப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் கூடாது. சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தாலும் பிரஷர் ஏறும். மாலையில் இரவுச் சாப்பாட்டுக்கு முன் இன்னொரு முறை.

இரண்டாவது, உட்காருவது. முதுகு சாயும் நாற்காலி வேண்டும். பாதம் இரண்டும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். கால்மேல் கால் கூடாது. நம் வீடுகளில் தரையிலோ கட்டிலிலோ சம்மணம் போட்டு உட்கார்ந்து அளப்பது சகஜம், அப்படிச் செய்தால் முதுகுக்கும் சாய்மானம் இல்லை, காலும் மடங்கியிருக்கும், இரண்டும் எண்ணை ஏற்றிவிடும். குட்டையானவர்களுக்குக் கால் எட்டாவிட்டால் பலகை ஒன்றைக் கீழே போடுங்கள்.

மூன்றாவது, கை. நாற்காலிக்குப் பக்கத்தில் மேஜை இருந்தால் அதன்மேல் கையை வையுங்கள். மேஜை தாழ்வாக இருந்தால் ஒரு தலையணை. பட்டையின் நடுப்பகுதி நெஞ்சின் நடுவுக்கு, அதாவது இதயத்தின் உயரத்துக்கு, நேராக இருக்க வேண்டும். இதில் கணக்கு இருக்கிறது: பாதரசம் ரத்தத்தைவிட ஏறக்குறைய 13 மடங்கு கனமானது. அதனால் கை 10 செ.மீ. கீழே இறங்கினால் எண் 7, 8 அளவுக்குக் கூடும், அதே அளவு மேலே தூக்கினால் குறையும். கையை மடியில் வைத்தோ தொங்கவிட்டோ அளந்தால் 132 என்பது 140 ஆகிவிடும். கையை நீங்களே தூக்கிப் பிடிக்கவும் கூடாது, தசை இறுகினாலும் அளவு ஏறும். கை முழுக்க எதன்மேலாவது கிடக்க வேண்டும், உள்ளங்கை மேல்நோக்கி.

நான்காவது, பட்டை. வெறும் தோலின்மேல் சுற்றவேண்டும். முழுக்கைச் சட்டையைச் சுருட்டி மேலே ஏற்றினால் அதுவே கையை இறுக்கிவிடும், ஒரு கையை வெளியே எடுத்துவிடுவது மேல். ரவிக்கைக் கை இறுக்கமாக இருந்தாலும் இதே பிரச்சினைதான், அம்மா அளக்கும் நேரத்தில் தொளதொளப்பான நைட்டியில் இருப்பார். முழங்கை மடிப்பிலிருந்து இரண்டு விரல் மேலே பட்டையின் கீழ் விளிம்பு வரட்டும். ரப்பர் குழாய் கையின் உட்பக்கம், நடுவிரலை நோக்கி. சுற்றிய பிறகு உள்ளே இரண்டு விரல் நுழைய வேண்டும், மூன்று நுழைந்தால் தளர்வு.

ஐந்தாவது, சும்மா இருப்பது. பட்டை சுற்றியபின் ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். போன் வேண்டாம், டிவி செய்தி வேண்டாம். அளக்கும்போது பேசினால் எண் 10 வரைக்கும்கூட ஏறலாம். பேரன் பேத்திகள் ஓடிவந்து மடியில் ஏறும் வீட்டில் இது லேசான காரியமில்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் எல்லாப் படிகளிலும் அதிகம் தவறவிடப்படுவதும் இந்த ஐந்து நிமிடம்தான்.

அப்புறம் பொத்தானை அழுத்துங்கள். பட்டை இறுகி, மெல்ல மெல்லத் தளரும். தளரும்போது ரத்தக்குழாயின் துடிப்பால் பட்டையில் ஏற்படும் சின்னச் சின்ன அதிர்வுகளைத்தான் கருவி படிக்கிறது. கையை அசைத்தால் அந்த அசைவையும் அது துடிப்பு என்று நினைத்துக்கொள்ளும். எண் வந்ததும் ஒரு நிமிடம் விட்டு இரண்டாவது முறை அளந்து, இரண்டையும் எழுதுங்கள். முதலில் 148, அடுத்து 136 என்று வந்தால் பதற வேண்டாம். முதல் அளவு கூடுதலாக இருப்பது வழக்கம். திருப்தியான எண் வரும்வரை ஐந்து, ஆறு முறை அழுத்திக் கடைசியை மட்டும் எழுதுவது மட்டும் வேண்டாம்.

முதல் நாள் இரண்டு கையிலும் அளந்து பாருங்கள். கூடுதலாகக் காட்டும் கைதான் இனி உங்கள் கை. வித்தியாசம் 15-க்கு மேல் திரும்பத் திரும்ப வந்தால் டாக்டரிடம் சொல்லவேண்டும், ஒரு பக்கத்து ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கலாம். டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா (ரத்தக்குழாய்களை இணைக்கும் அறுவை) போட்ட கையிலும், மார்பக அறுவையில் நெறிக்கட்டிகளை எடுத்த பக்கத்துக் கையிலும், டாக்டரைக் கேட்காமல் பட்டை சுற்றக் கூடாது.

ஏழு நாள் கணக்கு

புதிதாகப் பிரஷர் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளவும், மாத்திரை மாற்றிய பிறகும், டாக்டரைப் பார்க்கப் போகும் முந்தைய வாரமும் இதைச் செய்யுங்கள். காலை இரண்டு, மாலை இரண்டு, ஆக நாளைக்கு நான்கு அளவு. முதல் நாளின் நான்கையும் கணக்கில் சேர்க்காதீர்கள், புதுப் பதற்றம் அதில் இருக்கும். மீதி ஆறு நாளில் 24 அளவுகள். மேல் எண்கள் அனைத்தையும் கூட்டி 24-ஆல் வகுங்கள், கீழ் எண்களையும் அப்படியே. நோட்டில் தேதி, நேரம், இரண்டு எண்கள், நாடித்துடிப்பு, பக்கத்தில் ஒரு சிறு குறிப்பு. "நேற்று கல்யாண வீடு, தூக்கமில்லை", "மாத்திரை விட்டுப்போனது", "மூட்டுவலி மாத்திரை போட்டேன்" என்று.

அந்தக் கடைசிக் குறிப்பு ரொம்ப முக்கியம். டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் பிரஷரை ஏற்றும். மூக்கடைப்புக்கான சில சளி மாத்திரைகள், ஸ்டீராய்டு, கருத்தடை மாத்திரை இவையும் அப்படித்தான். மெடிக்கலில் சொல்லி வாங்கும் வலி மாத்திரையை யாரும் டாக்டரிடம் சொல்வதில்லை. டாக்டர் பிரஷர் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போவார்.

வந்த சராசரியை எப்படிப் படிப்பது? கிளினிக்கில் வெவ்வேறு நாட்களில் 140/90 அல்லது அதற்கு மேல் வந்தால் உயர் ரத்த அழுத்தம் என்பதுதான் இந்தியாவிலும் உலக சுகாதார நிறுவனத்திலும் உள்ள கோடு. அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகள் 2017-ல் அந்தக் கோட்டை 130/80-க்கு இறக்கின. இணையத்தில் இரண்டு விதமான எண்கள் கண்ணில் படுவதற்குக் காரணம் இதுதான். வீட்டில் மனிதர் நிம்மதியாக இருப்பதால் கோடு சற்றுக் கீழே: ஏழு நாள் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும். 120/80-க்குக் கீழே என்றால் நல்லது. நடுவில் இருந்தால் உப்பு, எடை, நடை, தூக்கம் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டிய காலம்.

கிளினிக்கில் மட்டும் ஏறி வீட்டில் இயல்பாக இருப்பவர்கள் உண்டு. வெள்ளைக் கோட்டைக் கண்டால் ஏறும் பிரஷர் என்பார்கள். இவர்களுக்கு உடனே மாத்திரை தேவைப்படாமல் போகலாம், ஆனால் பின்னாளில் நிஜமாகவே வரக்கூடும் என்பதால் அளப்பதை விடக் கூடாது. இதற்கு நேர்மாறானவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். கிளினிக்கில் 128, வீட்டிலோ வேலையிடத்திலோ 150. மறைந்திருக்கும் இந்தப் பிரஷர் வீட்டில் அளக்காமல் வெளியே தெரியாது.

சிலருக்குக் கூடுதல் கவனம்

வயதானவர்களுக்கு நின்றபடியும் அளக்க வேண்டும். ஐந்து நிமிடம் உட்கார்ந்தோ படுத்தோ இருந்தபின் ஒருமுறை, எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் ஒருமுறை, மூன்றாவது நிமிடத்தில் ஒருமுறை. பக்கத்தில் ஒருவர் பிடிக்கத் தயாராக நிற்க வேண்டும். நின்றதும் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால், எழும்போது விழுந்துவிடும் ஆபத்து இருக்கிறது. அம்மாவுக்கு அன்று நடந்தது இதுதான். மாத்திரையை நாமாக நிறுத்தாமல் டாக்டரிடம் அந்த எண்களைக் காட்ட வேண்டும்.

கர்ப்பிணிகளுக்கு விதி வேறு. 140/90 வந்துவிட்டால் ஏழு நாள் கணக்கெல்லாம் போடக் கூடாது, அன்றே மருத்துவமனையில் தெரிவிக்க வேண்டும். 160/110 என்றாலோ, கடுமையான தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி சேர்ந்தாலோ, உடனே கிளம்ப வேண்டும்.

நாடித்துடிப்பு சீராக இல்லாதவர்களுக்கு டிஜிட்டல் கருவி தடுமாறும். திரையில் சீரற்ற துடிப்புக்கான குறி அடிக்கடி வந்தால் ஒரு ஈ.சி.ஜி. எடுத்துப் பார்ப்பது அவசியம்.

எண் பெரிதாக வந்துவிட்டால்

180/120-ஐ ஒட்டியோ தாண்டியோ வந்தால் முதலில் ஆளைப் பாருங்கள், பிறகு எண்ணைப் பாருங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை அல்லது கால் செயலிழப்பது, பேச்சுக் குழறல், பார்வைக் கோளாறு, குழப்பம், இவற்றில் ஒன்று இருந்தாலும் மறுபடி அளந்து நேரத்தை வீணாக்காதீர்கள். ஆம்புலன்ஸுக்கான எண் தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. இந்த அறிகுறிகள் இருந்து எண் இயல்பாக இருந்தாலும் ஆம்புலன்ஸைக் கூப்பிடத்தான் வேண்டும்.

எந்த அறிகுறியும் இல்லை என்றால் ஐந்து நிமிடம் அமைதியாக உட்காரவைத்து மறுபடி அளங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் பேசுங்கள். பயத்தில் இன்னொரு மாத்திரையைச் சேர்த்துப் போட்டுவிட வேண்டாம். திடீரென்று மளமளவென இறங்கினாலும் மூளைக்கு ரத்தம் குறையும்.

டாக்டரிடம் போகும்போது

நோட்டு, கருவி, சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள், இந்த மூன்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். சித்த, ஆயுர்வேத மருந்துகளும் அதில் இருக்கட்டும். சராசரியை முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி வையுங்கள், கூட்டமான ஓ.பி.யில் 24 எண்களைப் படிக்க அவருக்கு நேரமிருக்காது. "என் அளவு எங்கே நிற்க வேண்டும்?" என்று கேட்டு அந்த எண்ணையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். வயது, சர்க்கரை, சிறுநீரகம் இவற்றைப் பொறுத்து அது ஆளுக்கு ஆள் மாறும்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உப்பின் அளவு ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, கிட்டத்தட்ட ஒரு டீஸ்பூன். குழம்பில் போடுவதைக் குறைத்துவிட்டு ஊறுகாய், அப்பளம், வடகம், மோர் மிளகாய், கருவாடு ஆகியவற்றை அப்படியே வைத்திருந்தால் கணக்கு இறங்காது. வீட்டில் மாதத்துக்கு எத்தனை பாக்கெட் உப்பு வாங்குகிறீர்கள், எத்தனை பேர் சாப்பிடுகிறீர்கள் என்று பார்த்தாலே தோராயமாகத் தெரிந்துவிடும். நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வரவேண்டும்.

அளவு கட்டுக்குள் வந்துவிட்டால் தினமும் அளக்கத் தேவையில்லை. வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள் போதும் என்றுதான் எங்கள் டாக்டரும் சொன்னார். ஒரு நாளைக்குப் பத்து முறை அளந்து ஒவ்வொரு எண்ணுக்கும் பயப்படுபவர்களைப் பார்த்திருக்கிறேன், அந்தப் பயமே எண்ணை ஏற்றும். அளவு நன்றாக இருக்கிறது என்று மாத்திரையை நிறுத்திவிடவும் வேண்டாம். மாத்திரை வேலை செய்வதால்தான் அந்த அளவு. அம்மா ஞாயிறும் புதனும் அளக்கிறார். காபி டம்ளர் மேஜையில் மூடியபடி காத்திருக்கும். நோட்டில் இரண்டு எண்களை எழுதிவிட்டுத்தான் மூடியைத் திறப்பார்.